பதினேழாம் எண் வில்லை

என் தாத்தா மின்விசிறியைப் போடுவதற்கு முன்னால்கூடக் குரல் கொடுப்பார். "போடப்போறேன், யாராவது கிட்ட இருக்கீங்களா?" என்று ஒரு தடவை. பதில் வராவிட்டால் இன்னொரு தடவை. உச்சியில் தொங்குகிற மின்விசிறிக்குக் கிட்டே பல்லியைத் தவிர வேறு யார் இருக்க முடியும்? தண்ணீர் மோட்டார், மிக்ஸி, தையல் மெஷின், எதுவானாலும் இதே கதைதான். நானும் தம்பியும் சின்ன வயதில் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டு "இருக்கோம், இருக்கோம்" என்று கத்துவோம். அவர் குனிந்து பார்த்து, எங்களை வெளியே இழுத்து நிறுத்தி, இரண்டு பேர் கைகளையும் விரல் விரலாகப் பார்த்த பிறகுதான் சுவிட்சைத் தொடுவார். எங்களுக்குத்தான் அது விளையாட்டு.

அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரும்படி ஜெபவீட்டிலிருந்து கேட்டிருக்கிறார்கள். ஆண்டு மலரில் போடுவார்களாம். "உழைப்பாளி, பக்திமான், குடும்பத்துக்காகவே வாழ்ந்தவர்" என்று முதல் வரியையும் அவர்களே எழுதி அனுப்பிவிட்டார்கள். நான் மிச்சத்தை நிரப்பினால் போதும். அவர்கள் சொன்ன மூன்றும் உண்மைதான், ஒன்றையும் மறுக்க மாட்டேன். ஆனால் என் தாத்தா வாழ்க்கையில் ஒரு பெரிய பொய் சொன்னார். அந்தப் பொய் வாங்கிக் கொடுத்த வீட்டில்தான் நான் வளர்ந்தேன். அதை விட்டுவிட்டு அவரைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை. மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

தாத்தா ரொட்டித் தொழிற்சாலையில் முப்பத்தொன்பது வருடம் வேலை பார்த்தார். மாவு பிசையும் பகுதியில் சேர்ந்தார். கடைசிப் பத்து வருடம் மட்டும் அடுப்புப் பகுதி. காதுக்குள் மாவு, புருவத்தில் மாவு, சட்டைக் காலரின் மடிப்பில் மாவு. குளித்துவிட்டு வந்த பிறகும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் புளித்த மாவின் வாசனை வரும். ஒரு நாள் லீவு போட்டதில்லை. காய்ச்சல் வந்தால் "அடுப்புப் பக்கம் நின்னா வேர்த்து இறங்கிடும்" என்று கிளம்பிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேலை கிடையாது. அன்றைக்கு ஜெபவீட்டுத் திருவிருந்துக்கான ரொட்டியை, சனிக்கிழமை சுட்டதில் நன்றாக உப்பியதாகப் பார்த்து, வெள்ளைத் துணியில் சுற்றி எடுத்துப் போவார். இந்தப் பொறுப்பை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை, அவராகவே எடுத்துக்கொண்டது.

அந்தத் தொழிற்சாலையில் பிசையும் இயந்திரம் ஒன்று இருந்தது. ஆள் உள்ளே இறங்கி நிற்கும் அளவுக்கு ஆழமான இரும்புத் தொட்டி, அதற்குள் சுற்றுகிற இரும்புக் கை. இரண்டு தடவை பிசைந்து முடித்ததும் ஓர் ஆள் உள்ளே இறங்கி, ஓரத்தில் காய்ந்து ஒட்டிய மாவைச் சுரண்ட வேண்டும். சுவிட்ச் இருந்தது சுவருக்கு மறுபக்கம். அங்கிருந்து பார்த்தால் தொட்டி தெரியாது. அதனால் ஒவ்வொரு தொழிலாளிக்கும் எண் அடித்த பித்தளை வில்லை ஒன்று கொடுத்திருந்தார்கள். உள்ளே இறங்குகிறவன் தன் வில்லையைச் சுவிட்சின் கொக்கியில் மாட்டிவிட்டு இறங்க வேண்டும். வெளியே வந்து அவனேதான் கழற்ற வேண்டும். சுவரில் இரண்டு விதி எழுதியிருந்தது. அடுத்தவர் வில்லையைத் தொடாதே. சுவிட்சைப் போடும் முன் குரல் கொடு.

தாத்தாவின் எண் பதினேழு.

அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. பகல் பன்னிரண்டு அடித்தால் போதும், மாவு மூட்டை அடுக்கியிருக்கும் அறைக்குள் போய் முழங்காலில் நின்று பத்து நிமிடம் ஜெபம் பண்ணுவார். அந்தப் பத்து நிமிடமும் அவர் பொறுப்பில் உள்ள இயந்திரம் ஓடக் கூடாது. அதற்காகத் தொட்டியில் யாரும் இல்லாதபோதும் தன் வில்லையைக் கொக்கியில் மாட்டிவிட்டுப் போவார். வேலைக்காரர்கள் அவருக்குப் ‘பன்னெண்டு மணி’ என்றே பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். முதலில் எல்லோரும் காத்திருந்தார்கள். பிறகு அவசரம் என்று யாரோ ஒருநாள் அந்த வில்லையைக் கழற்றிப் பக்கத்து ஆணியில் மாட்டிவிட்டு இயந்திரத்தைப் போட்டார்கள். ஒன்றும் ஆகவில்லை. தாத்தாவும் வந்து பார்த்து, "ரெண்டு நிமிஷம் பொறுக்க மாட்டீங்களாடா" என்று முறைத்ததோடு சரி. அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. பன்னிரண்டு மணிக்குப் பதினேழு தொங்கினால் உள்ளே யாரும் இல்லை என்று அர்த்தம். பதினோரு வருடம் இப்படியே ஓடியது.

என் அப்பாவும் அதே இடத்தில்தான் வேலை பார்த்தார். தாத்தாதான் சேர்த்துவிட்டார். அப்பாவின் எண் நாற்பத்தொன்று. அப்போது எனக்கு ஏழு வயது, தம்பிக்கு இரண்டு. அன்று காலையில் அப்பா எடுத்துப் போட்ட சட்டையில் கறை இருந்தது என்று அம்மா அதைப் பிடுங்கி வாளியில் ஊறப்போட்டு, வேறு சட்டை கொடுத்தாள். வில்லை ஊறுகிற சட்டையின் பைக்குள் இருந்தது. அப்பாவுக்கு இது தொழிற்சாலைக்குப் போன பிறகுதான் தெரிந்தது. வீட்டுக்குத் திரும்பி வந்தால் பாதி நாள் போய்விடும். தாத்தா தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்தார். "இதை மாட்டிக்கோ. நான் இன்னைக்கு அடுப்புப் பக்கம்தான், எனக்கு வேணாம்" என்றார்.

பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது அப்பா பதினேழை மாட்டிவிட்டுத் தொட்டிக்குள் இறங்கினார். பன்னிரண்டுக்குத் தாத்தா மூட்டை அறைக்குள் போய் முழங்காலில் நின்றார். பன்னிரண்டு தாண்டி நாலு நிமிடத்தில் நெட்டை வந்தார். அவரும் மாவுப் பகுதிதான், அப்பாவைவிடக் கொஞ்சம் மூத்தவர், ஆறடிக்கு மேல் உயரம் என்பதால் அந்தப் பெயர். கொக்கியில் பதினேழைப் பார்த்தார். நூறு தடவை செய்ததைப் போலக் கழற்றி ஆணியில் மாட்டினார், சுவிட்சைப் போட்டார். குரல் கொடுக்கவில்லை.

அதற்கு மேல் அதைப் பற்றி எழுத மாட்டேன். அப்பாவின் பெட்டியை மூடியே கொண்டுவந்தார்கள், மூடியே கொண்டுபோனார்கள்.

மூன்றாம் நாள் மத்தியானம் நான் வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கிற இடத்தில் தம்பியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாரும் எங்களைக் கவனிக்கவில்லை. அம்மா மூன்று நாளாக வாளியிலேயே கிடந்த சட்டையைப் பிழிந்தாள். பையில் ஏதோ தட்டுப்பட, எடுத்துப் பார்த்தாள். நாற்பத்தொன்று. அதைத் துவைக்கிற கல்லின் மேல் வைத்துவிட்டு அப்படியே நின்றாள். தாத்தா வந்து, இன்னொரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தார். மூன்று நாளாக அவர் பல்லில் பச்சைத் தண்ணீர்கூடப் படவில்லை.

"நாளைக்கு விசாரணைம்மா" என்றார். "வில்லையக் குடுத்ததைச் சொல்லிட்டேன். அதுக்குத் திட்டுவாங்க, அவ்வளவுதான். ஆனா நெட்டை இன்னொண்ணு சொல்லியிருக்கான். தொட்டி காலியா இருக்கறப்பவே நான் தினம் மாட்டிட்டுப் போவேன்னு."

"கேட்டா என்ன சொல்லப்போறீங்க மாமா?"

"உண்மையத்தான் சொல்லணும். சொன்னா பழி பாதிக்கு மேல என் தலையில விழும். விழணும்."

"விழுந்தா?"

"வேலை போயிடும். வீட்டக் காலி பண்ணச் சொல்லுவாங்க." நாங்கள் இருந்தது தொழிற்சாலை கொடுத்த வீடு. இரண்டு அறை, பின்னால் இந்தத் துவைக்கிற இடம். "உனக்குப் பொட்டலம் கட்டுற எடத்துல வேலை தரேன்னு மேனேஜர் சொன்னாரே, அதுவும் இருக்காது."

தாத்தா கைகளையே பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு அவர் சொன்னதுதான் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. "எனக்குச் சத்தம் கேட்டுச்சும்மா. ஜெபத்துல இருந்தேன். பாதியில எழுந்திருக்கக் கூடாதுன்னு... ஆமென் சொல்லிட்டுத்தான் எழுந்தேன்."

அம்மா அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. சட்டையைக் கொடியில் போட்டுவிட்டு வந்து அவர் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"மாமா, உங்க கடவுள்கிட்ட நீங்க அப்புறமா பேசிக்கலாம். அவரு எங்கயும் போயிடமாட்டாரு. இந்த ரெண்டையும் இழுத்துக்கிட்டு நான் எங்க போவேன்?"

"நெட்டைக்கும் குடும்பம் இருக்கேம்மா."

"இருக்கு. அந்தக் குடும்பத்துல அவரும் இருக்காரு."

இப்போது எனக்கு அம்மாவின் அன்றைய வயதைவிடப் பத்து வயது அதிகம். அவள் கேட்டது தப்பு என்று என்னால் இன்றும் சொல்ல முடியவில்லை. சரி என்று சொல்லவும் நாக்கு எழவில்லை.

மறுநாள் விசாரணையில் மேனேஜர் எல்லோர் முன்னாலும் கேட்டாராம். "ஆள் இல்லாதப்போ வில்லைய மாட்டிட்டுப் போற வழக்கம் உங்களுக்கு உண்டா?" தாத்தா "இல்லை" என்றார். அந்த ஒரு சொல்தான். மாவுப் பகுதியில் இருந்த பன்னிரண்டு பேரையும் தனித்தனியாகக் கேட்டார்கள். ஒருவன் முகத்திலும் ஈயாடவில்லை. ஒவ்வொருவனும் ஏதோ ஒரு நாள் பதினேழைக் கழற்றியவன்தான். உண்டு என்று சொன்னால் தன் கையும் மாட்டும். எல்லோரும் தாத்தா சொன்னதையே திருப்பிச் சொன்னார்கள். நெட்டை ஒரே ஒரு தடவை தாத்தாவைத் திரும்பிப் பார்த்தாராம். பிறகு வாதாடவில்லை.

நெட்டையை வேலையை விட்டு நீக்கினார்கள். ஓர் ஆளைக் கொன்றவன் என்று பெயர் வாங்கியவனை வேறு எந்த ஆலையிலும் சேர்க்கவில்லை. சந்தையில் மூட்டை தூக்கினார். அம்மா ரொட்டியைப் பொட்டலம் கட்டப் போனாள். அந்த வீட்டில் நாங்கள் இருபத்து நாலு வருடம் இருந்தோம்.

தாத்தா எங்களை எப்படி வளர்த்தார் என்று சொல்லத்தான் வேண்டும். அடுப்பு வேலை முடிந்து வந்து எங்கள் பள்ளிச் சட்டைகளுக்கு இஸ்திரி போடுவார். சூடு மரத்துப்போன கை அது, பெட்டி காய்ந்துவிட்டதா என்று விரலாலேயே தொட்டுப் பார்ப்பார். எனக்குத் தலை பின்னத் தெரிந்துகொண்டார், ரொட்டி மாவை மூன்று புரியாக முறுக்குகிற மாதிரி. வலிக்க வலிக்கப் பின்னுவார், சாயங்காலம் வரை ஒரு முடி அவிழாது. தம்பிக்கு நிமோனியா வந்தபோது ஆஸ்பத்திரியில் எட்டு நாள், வேலை முடிந்து நேராக அங்கே வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தன் கையை இரும்புக் கட்டிலோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளாத குறைதான். அம்மாவும் மாறிப்போனாள். எந்தச் சட்டையையும் நனைப்பதற்கு முன்னால் எல்லாப் பைகளையும் வெளியே இழுத்து உதறுவாள். அப்பா இருந்தபோது வாய் ஓயாமல் பேசுகிறவள், அளந்து பேச ஆரம்பித்தாள்.

தாத்தா ஜெபத்தை விடவில்லை. முழங்காலில் நிற்பதை மட்டும் விட்டார். பன்னிரண்டு மணிக்கு அடுப்புக்கு முன்னால் நின்றபடி, கண்ணைத் திறந்துகொண்டே உதட்டை அசைப்பாராம். பட்டப்பெயரை யாரும் அதற்கப்புறம் சொல்லவில்லை.

ஜெபவீட்டில் முன்வரிசையில் உட்கார்ந்தவர் கடைசி பெஞ்சுக்குப் போனார். அதே பெஞ்சின் மறுமுனையில் நெட்டை. நெட்டையின் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். பெஞ்சின் நடுவில் மூன்று ஆள் உட்காரும் இடம் எப்போதும் காலியாகக் கிடக்கும். ரொட்டித் தட்டு தாத்தாவிடம் வரும். தானே கொண்டுவந்த ரொட்டியில் ஒரு துண்டைக்கூட எடுக்காமல் தட்டைப் பெஞ்சின் மேல் தள்ளுவார். நெட்டை எடுத்துச் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கீழே வைப்பார். இருபத்தெட்டு வருடம், ஒவ்வொரு ஞாயிறும். "பிள்ளை போன துக்கம், பாவம்" என்று பெண்கள் பேசிக்கொள்வார்கள். பொய்யை மனதில் வைத்துக்கொண்டு அதைத் தொட அவருக்குக் கை வரவில்லை என்பது எனக்கும் அம்மாவுக்கும்தான் தெரியும். நாங்கள் முன்னால் திரும்பிக்கொள்வோம்.

"தம்பி கால் ஊனட்டும், அப்புறம் சொல்லிடுறேன்" என்று அம்மாவிடம் அவர் அவ்வப்போது சொல்வதுண்டு. தம்பி படித்தான், வேலைக்குப் போனான். "பாப்பா கல்யாணம் முடியட்டும்" என்றார். என் கல்யாணமும் முடிந்தது. அம்மா ஓய்வு பெற்றாள், கம்பெனி வீட்டையும் திருப்பிக் கொடுத்தோம். தள்ளிப்போட இனி ஒரு சாக்கும் இல்லை. எழுபத்தொன்பதாவது வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜெபம் முடிகிற நேரத்தில், கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து நின்றார்.

சொன்னார். ஒன்று விடாமல் சொன்னார். வில்லையை மாட்டிவிட்டுப் போனது, எல்லோரும் கழற்றியது, அப்பாவுக்குக் கொடுத்தது, மேனேஜர் கேட்டதற்கு இல்லை என்றது. அம்மா பேச்சை மட்டும் எடுக்கவில்லை. "நெட்டை மேல தப்பு இல்லை. அவன் எடத்துல யார் இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பாங்க. என் மகனைக் கொன்னது நான்" என்று முடித்தார்.

ஒரு பெண் விம்மினாள். போதகர் இளவயதுக்காரர், வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "பாத்தீங்களா? தன் மகனைக் கொன்னவரோட குத்தத்தைத் தன் தலையில தூக்கிப் போட்டுக்கிறாரு. இதுக்குப் பேருதான் மன்னிப்பு."

தாத்தா பெஞ்சை ஓங்கி அறைந்தார். "மன்னிப்பு இல்லய்யா! நான் பொய் சொன்னேன்! பொய்!"

இரண்டு பேர் ஓடிவந்து அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். முதுகைத் தடவிவிட்டார்கள். மாவுப் பகுதியில் வேலை பார்த்த பன்னிரண்டு பேரில் இரண்டு பேர் அன்று அங்கேதான் இருந்தார்கள். அவர்கள் மற்ற எல்லோரையும்விடப் பலமாகத் தலையாட்டினார்கள். நெட்டை பெஞ்சின் மறுமுனையில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அந்த நாளிலிருந்து தாத்தா ஊருக்கே மகான் ஆகிவிட்டார். நெட்டை, மகானின் மகனைக் கொன்றவர் ஆனார். முன்னைக்கு இப்போது மோசம்.

தாத்தா விடவில்லை. தொழிற்சாலை அலுவலகத்துக்குப் போனார். மேசையில் இருந்த பெண் "அந்தக் காலத்து ஃபைலெல்லாம் இப்ப இல்லைங்க தாத்தா" என்று நாற்காலி போட்டு உட்காரவைத்துத் திருப்பி அனுப்பினாள். பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். வயதாகிவிட்டது, சொன்னதையே சொல்கிறார் என்றார்கள். கடைசி நாலு வருடமும் தட்டு வரும்போது தள்ளித்தான் விட்டார். "சொல்லிட்டீங்கல்ல, இன்னும் ஏன் தாத்தா?" என்று நான் கேட்டேன். "சொன்னா மட்டும் போதுமா? கேட்டவங்க நம்பியிருக்கணும்ல" என்றார். எனக்கு அவர் மேல் கோபம்தான் வந்தது. இருபத்தெட்டு வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டு இப்போது யாரை நொந்து என்ன பயன் என்று நினைத்தேன். வாய்விட்டும் சொல்லிவிட்டேன். அவர் தலையை ஆட்டினார்.

எண்பத்து மூன்றில் போய்ச் சேர்ந்தார். ஜெபவீடு கொள்ளாத கூட்டம். போதகர் அதே கதையை எடுத்தார், இந்தத் தடவை இன்னும் அழகாக. "மகனைக் கொன்ற கையையே பற்றிக்கொண்டவர்" என்றார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா மடியைப் பார்த்தாள். அவள் கைப்பைக்குள் நாற்பத்தொன்று இருப்பது எனக்குத் தெரியும். எழுந்து நின்று "தாத்தா சொன்னது நிஜம், நான் என் காதால கேட்டேன்" என்று ஒரு வார்த்தை சொல்ல நானும் அங்கேதான் இருந்தேன். எனக்கு முப்பத்தொன்பது வயது. யாருக்கும் பயப்பட வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் சொன்னால் அம்மா ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். அதையே மனதுக்குள் உருட்டிக்கொண்டு மென்று முழுங்கினேன்.

பெட்டியைத் தூக்க ஆறு பேர் வேண்டும். தம்பியோடு ஐந்து பேர் வந்து நின்றார்கள். ஆறாவதாக, கடைசி பெஞ்சிலிருந்து நெட்டை எழுந்து வந்து கைப்பிடியைப் பிடித்தார். வயதாகிவிட்டாலும் அந்த உயரம் குறையவில்லை. பக்கத்தில் நின்ற ஒருவர், மாவுப் பகுதிக்காரர், அவர் தோளில் கைவைத்து "நீ வேணாம்ப்பா. பாக்குறவங்க என்ன நெனப்பாங்க" என்றார். தம்பிக்கு எதுவும் தெரியாது, அவன் தலையைக் குனிந்துகொண்டான். நெட்டை கையை எடுத்துவிட்டு ஒதுங்கி நின்றார். நான் இரண்டடி தள்ளித்தான் நின்றேன். அப்போதும் சொல்லவில்லை. அந்த மாவுப் பகுதிக்காரரே ஆறாவது ஆளாகத் தூக்கினார்.

கூட்டம் வெளியே போனதும் நான் ஓடிப்போய் வாசலில் நெட்டையைப் பிடித்தேன். என்னென்னவோ உளறினேன். எனக்கு எல்லாம் தெரியும், அவர்கள் செய்தது அக்கிரமம், நான் போதகரிடம் பேசுகிறேன், எழுதித் தருகிறேன் என்றேன். அவர் நான் முடிக்கும் வரை கேட்டார்.

"அன்னைக்கு நான் ஒரு குரல் குடுத்திருக்கலாம் பாப்பா" என்றார். "‘உள்ள யாராவது இருக்கீங்களா’ன்னு ஒரே ஒரு குரல். உங்கப்பா பதில் சொல்லியிருப்பான். முப்பத்திரண்டு வருஷமா அதைத்தான் நெனச்சுக்கிட்டு இருக்கேன்."

என்னைக் குனிந்து பார்த்தார்.

"நீயும் இன்னைக்கு ஒரு குரல் குடுத்திருக்கலாம்."

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, பெட்டி போன பாதைக்கு எதிர்ப்பக்கமாக நடந்து போனார்.